பாதி அறையைத் துடைக்க முடியாது

கேள்வி இது: "டென்மார்க்கில் மனச்சோர்வு, ஸ்ட்ரெஸ் என்று நீண்ட விடுப்பில் போகிறவர்களில் சிலர் மூன்று நான்கு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலர் வருடக்கணக்காக அரசு உதவிப் பணத்திலேயே இருக்கிறார்கள். பார்க்கிற வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, இல்லை ஆளைப் பொறுத்ததா?"

சம்பந்தம் உண்டு. ஆனால் பலரும் நினைக்கிற வழியில் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதுமே "எந்த வேலை மனதை அதிகம் கெடுக்கிறது" என்று பட்டியல் போடத் தோன்றும். அந்தப் பட்டியல் யார் விடுப்பில் போவார் என்பதைக் கொஞ்சம் சொல்லும். போனவர் திரும்பி வருவாரா என்பதை அவ்வளவாகச் சொல்லாது. அதற்கு நான் வேறு இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக, பாதி பலத்தோடு செய்ய இடம் இருக்கிறதா? உடம்பும் மனதும் தேறுவதற்குள் அந்த வேலை கையை விட்டுப் போய்விடுமா?

டென்மார்க்கின் ஜூட்லாந்து தீபகற்பத்தில், விடுப்பில் இருப்பவரை நகராட்சி கூப்பிட்டுப் பேசும் சந்திப்புகளில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய அம்மா ஒருவர். ஹோட்டல் அறைகள் துப்புரவு செய்கிற வேலை, மணிக்கூலி. கடும் மனச்சோர்வு என்று மருத்துவர் எழுதியிருந்தார். கொம்யூன் என்று நம்மவர்கள் சொல்லும் நகராட்சியிலிருந்து வந்த அலுவலர் நல்ல பெண். மெதுவாகத்தான் கேட்டார்: "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் முடியும் என்று நினைக்கிறீர்கள்? நாளுக்கு இரண்டு மணி நேரம், அரை வேகத்தில் தொடங்கலாமா?" நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை.

"தம்பி, நான் ஒரு அறையிலை பாதியைத் துடைச்சுப்போட்டு மிச்சத்தை ஆருக்கு விடுறது?"

அதை டேனிஷில் சொன்னபோது அலுவலர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு அறைக்கு இத்தனை நிமிடம், ஒரு நாளைக்கு இத்தனை அறை என்று அளந்து கொடுக்கிற வேலை அது. அரை வேகத்தில் செய்தால் மீதி அறைகள் பக்கத்தில் வேலை செய்கிறவரின் தலையில் விழும், அவர் முகம் சுளிப்பார். இந்த அம்மாவுக்கு அதைவிட வீட்டில் படுத்திருப்பதே மேல் என்று தோன்றியது. நகராட்சியில் வரைபடம் வரைகிற பொறியியலாளர் ஒருவருக்கு இதே நோய், இதே அளவில் வந்திருந்தால் கதை வேறு மாதிரி. செவ்வாயும் வியாழனும் மட்டும் வா, கூட்டங்களுக்கு வராதே, இந்த ஒரு கோப்பை மட்டும் பார் என்று மேலாளரால் சொல்ல முடியும். அவர் பாதியில் விட்ட வரைபடம் மேசையிலேயே இருக்கும்.

சரி, இது ஒரு சந்திப்பில் கண்டது. ஊர் முழுக்க இப்படித்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டென்மார்க்கில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது, ட்ரீம் என்ற பதிவேடு. அரசு உதவிப் பணம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு ஒரு குறியீடு வீதம் 1991 நடுப்பகுதியிலிருந்து அதில் ஏறிக்கொண்டே இருக்கிறது. நோய்க்கால உதவி என்றால் ஒரு எண், வேலையில்லாப் படி என்றால் இன்னொன்று, சமூக உதவிக்கு வேறொன்று, முன்கூட்டிய ஓய்வூதியத்துக்கு மற்றொன்று. ஒரு ஆளின் இருபது வருடத்தை நீளமான எண் வரிசையாக விரித்துப் பார்த்துவிடலாம். அதைத் தொழில் வகைப்பாட்டோடு இணைப்பார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டை ஒட்டிய டேனிஷ் வடிவம் அது. அதில் துப்புரவாளர் 9-ஆவது பெரும் பிரிவு, முதியோர் பராமரிப்பாளர் 5, ஆசிரியரும் பொறியியலாளரும் 2. இதனால்தான் "எந்தத் தொழில்காரர் விடுப்புக்குப் பிறகு எத்தனை வாரம் உதவியில் இருந்தார்" என்ற கேள்வியை வடக்கு ஐரோப்பியர்களால் இவ்வளவு துல்லியமாகக் கேட்க முடிகிறது.

இந்தப் பதிவேட்டின் ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டை தெரியாமல் எண்களைப் படித்தால் தவறான முடிவுக்குத்தான் போவோம். முதலாவது, டென்மார்க்கில் விடுப்பின் முதல் 30 நாளுக்கு முதலாளிதான் பணம் கொடுக்கவேண்டும், 2012 முதல் அப்படி. நகராட்சி அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே ஒரு மாதத்துக்குள் திரும்பியவர்கள் பொதுவாக இந்தக் கணக்கிலேயே இல்லை. இரண்டாவது, ஏன் விடுப்பு என்ற நோயின் பெயர் ட்ரீமில் கிடையாது. மனநலம்தான் காரணம் என்று தெரிய வேறு பதிவேட்டையோ நேரடியான கேள்விப் படிவத்தையோ இணைக்கவேண்டும். மூன்றாவது ஓட்டைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்வது. குறியீடு இல்லாத வாரம் என்றால் அந்த ஆள் வேலையில் இருந்தார் என்று பொருளல்ல. கணவர் சம்பளத்தில் வீட்டில் இருக்கலாம், நாட்டைவிட்டே போயிருக்கலாம். பதிவேட்டைப் பொறுத்தவரை அவர் சொந்தக் காலில் நிற்பவர்.

இந்த எச்சரிக்கைகளோடு பார்த்தால், நோர்டிக் நாடுகளின் பதிவேட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப ஒரு குறுக்குக்கோடு தெரிகிறது. மனநலக் காரணத்துக்காக விடுப்பில் அதிகம் போகிறவர்கள் மனிதரோடு மனிதராக வேலை செய்கிறவர்கள்: முதியோர் பராமரிப்பு, தாதியர், ஆசிரியர், சமூகப் பணியாளர். ஆனால் மனநலக் காரணத்தால் நிரந்தர ஓய்வூதியம்வரை போய்ச் சேருகிறவர்களைப் பார்த்தால், படிப்புக் குறைந்த, கையால் செய்கிற, மணிக்கூலி வேலைகளின் பங்கு உயர்ந்து நிற்கிறது. வாசலில் கூட்டமாக நுழைகிறவர்கள் ஒரு தொழில்காரர், உள்ளே நெடுநாள் தங்கிவிடுகிறவர்கள் இன்னொரு தொழில்காரர்.

நுழைவாசலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. 1979-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் காரசெக் சொன்னது: வேலைப்பளு அதிகம், அதைத் தன் இஷ்டப்படி ஒழுங்குபடுத்தும் உரிமை குறைவு என்றால் ஆபத்து. 1996-இல் ஜெர்மன் மருத்துவச் சமூகவியலாளர் சீக்ரிஸ்ட் சொன்னது: கொட்டுகிற உழைப்புக்கு ஏற்ற சம்பளமோ மரியாதையோ கிடைக்காவிட்டால் ஆபத்து. டேனிஷ்காரர்கள் இதில் மூன்றாவதைச் சேர்த்தார்கள், உணர்ச்சிச் சுமை. நாள் முழுக்க மறதிநோய் முதியவரிடம் அடி வாங்கியும் பராமரிப்பாளர் முகத்தைச் சாந்தமாக வைத்திருக்கிறாரே, அந்தச் சுமை. ஒருவர் வேலையில் எவ்வளவு களைத்துத் தீர்ந்துபோயிருக்கிறார் (பர்ன்அவுட்) என்று அளக்கும் கேள்விப் படிவமாக 2005-இல் வெளியான கோபன்ஹேகன் எரிந்துபோதல் அளவுகோல் இந்த வகைப் பணியாளர்களைப் பல வருடம் பின்தொடர்ந்ததிலிருந்து வந்ததுதான். 2020 நவம்பரில் நடைமுறைக்கு வந்த உளச்சமூக வேலைச்சூழல் ஆணை, இந்தச் சுமையை ஏணி, இரசாயனம்போல ஒரு வேலைத்தல ஆபத்தாகவே முதலாளி கணக்கில் எடுக்கவேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் கேள்வி கேட்டவருக்கு வேண்டியது பின்வாசல், அதாவது விடுப்பிலிருந்து வெளியே வருகிற வழி.

பின்வாசலில் முதலில் நிற்பது வேலை ஒப்பந்தம். டென்மார்க்கை நலன்புரி நாடு என்று கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்: நோயில் படுத்திருக்கிறார் என்பது மட்டுமே அங்கே பணிநீக்கத்துக்குத் தடையல்ல. எளிதில் வேலைக்கு எடு, எளிதில் நிறுத்து, நிறுத்தியவரை அரசு பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அந்த நாட்டின் உடன்பாடு. அலுவலகம், கடை, தொழில்நுட்ப வேலைகளில் இருப்பவர்களுக்கு 1938-இல் தொடங்கிய தனிச்சட்டம் ஒன்று உண்டு. அதன்படி நோயில் முழுச் சம்பளம், நெடுநாள் பணியில் இருப்பவர்களுக்குப் பணிநீக்கத்துக்கு ஆறு மாதம்வரை முன்னறிவிப்பு. மணிக்கூலிக்காரர்களுக்கு அவரவர் தொழிற்சங்க உடன்படிக்கை என்ன சொல்கிறதோ அதுதான். சிலவற்றில் நல்ல பாதுகாப்பு இருக்கிறது, சிலவற்றில் முன்னறிவிப்பு மிகக் குறுகியது.

அலுவலகக்காரருக்கும் ஒரு பொறி உண்டு, 120 நாள் விதி. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், பன்னிரண்டு மாதத்துக்குள் சம்பளத்தோடு 120 நோய்நாள் சேர்ந்ததும் ஒரே மாத அறிவிப்பில் அனுப்பிவிடலாம். இந்த விதியால் வேலையிழந்த இரண்டு பெண்களின் வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. ஒருவருக்கு முதுகு, மற்றவருக்கு விபத்தில் கழுத்து. 2013 ஏப்ரலில் வந்த தீர்ப்பு சொன்னது: நீண்டகாலம் ஒருவரை முடக்குகிற நோய் மாற்றுத்திறனாகவே கருதப்படலாம். வேலை நேரத்தைக் குறைத்துக் கொடுப்பது முதலாளியின் கடமைகளில் ஒன்றாக இருக்கலாம். நீண்ட மனச்சோர்வுக்கும் இந்த வாதத்தை வைக்கலாம். ஆனால் வைக்கத் தெரிந்தவர், வைக்கச் சங்கம் இருப்பவர் யார் என்பதும் தொழிலைப் பொறுத்துத்தான்.

வேலை போய்விட்டால் என்ன மாறுகிறது? "எப்போது திரும்புவீர்கள்" என்ற கேள்வி "எங்கே போவீர்கள்" என்று மாறிவிடுகிறது. நோயில் இருக்கும் ஒருவருக்கு முதல் கேள்வியே பாரம். இரண்டாவது கேள்வி மலை. அதற்குள் நாள்காட்டி வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் நான்கு வாரத்துக்குள் முதலாளி கூப்பிட்டுப் பேசவேண்டும், எட்டு வாரத்துக்குள் நகராட்சி கூப்பிடவேண்டும். 2014 சீர்திருத்தத்துக்குப் பிறகு 22 வாரத்தில் பெரிய மறுமதிப்பீடு ஒன்று. நோய்க்கால உதவியை நீட்டிக்கச் சட்டத்தில் இருக்கும் ஏழு காரணங்களில் ஒன்றும் பொருந்தவில்லை, ஆனால் இன்னும் நோய் தீரவில்லை என்றால், தெருவில் விடமாட்டார்கள். வேலைத்திறன் தெளிவாகும்வரை என்று ஒரு குறைந்த தொகைத் திட்டத்துக்கு மாற்றுவார்கள். கணவன் மனைவியின் வருமானத்தை அதில் பார்ப்பதில்லை என்பது ஒரு நிம்மதி. ஆனால் தொகை கணிசமாக இறங்கும். அதற்கப்புறம் ஃப்ளெக்ஸ்ஜாப் என்ற குறைநேர மானிய வேலை, அல்லது முன்கூட்டிய ஓய்வூதியம். 2013-க்குப் பிறகு நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அந்த ஓய்வூதியம் அநேகமாகக் கிடையாது.

இந்த ஏணியில் பலர் கவனிக்காத ஒரு படி இருக்கிறது. தொடக்கத்தில் "உங்கள் வேலையைச் செய்ய முடியுமா" என்று பார்ப்பார்கள். மாதங்கள் போகப்போக அளவுகோல் அகலமாகி "எந்த வேலையாவது செய்ய முடியுமா" என்று ஆகிவிடும். ஸ்வீடன் இதை 2008-இல் நாள் குறித்தே எழுதிவைத்தது: 90 நாள்வரை உங்கள் வேலை, 180 நாள்வரை அதே முதலாளியிடம் வேறு வேலை, அதற்குமேல் பொதுவாகச் சந்தையில் கிடைக்கும் எந்த வேலையும். காகிதத்தில் இது எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான். நடைமுறையில், வகுப்பறைக்குள் நுழையவே நடுங்குகிற ஆசிரியருக்குப் பாடநூல் எழுதுவது, நூலகம், நிர்வாகம் என்று பக்கத்துக் கதவுகள் உண்டு. இறைச்சிவெட்டும் பட்டறையில் இருபது வருடம் நின்று, டேனிஷ் அரைகுறையாகப் பேசுகிறவருக்கு "எந்த வேலையும்" என்ற சொல்லுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது? இன்னொரு இறைச்சிப் பட்டறைதான் இருக்கிறது. டென்மார்க்கே இதை ஒரு வகையில் ஒப்புக்கொண்டது. 2020-இல் வந்த மூத்தோர் ஓய்வூதியம், ஓய்வுக்கு ஆறு வருடம் மட்டும் இருப்பவரைக் கடைசியாகப் பார்த்த வேலையை வைத்தே அளக்கிறது, உலகத்தில் உள்ள எல்லா வேலையையும் வைத்து அல்ல. அந்த வயதுக்கு முன்னால் மனம் உடைந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்த இடத்தில் யாராவது கையைத் தூக்கவேண்டும். "படிப்புக் குறைந்த வேலையில் இருப்பதால்தான் திரும்பவில்லையா, இல்லை நோய் முன்பே இருந்ததால்தான் அந்த வேலைக்கு வந்தாரா?" நியாயமான கேள்வி. மனநோய்கள் பல பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டுகின்றன. அப்போது படிப்பை விட்டவர் கிடைத்த வேலைக்குப் போவார். நாற்பதில் அவர் விடுப்பில் போய்த் திரும்பாவிட்டால் பதிவேடு "துப்புரவாளர்" என்று எழுதும். உண்மையில் வேலை நோயைத் தீர்மானித்ததா, நோய் வேலையைத் தீர்மானித்ததா என்று பிரிப்பது கடினம். முந்தைய சிகிச்சை, படிப்பு, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தால் தொழில்களுக்கு இடையிலான இடைவெளி சுருங்குவது இதனால்தான்.

எதிர்த்திசையிலும் இழுப்பு உண்டு. அறை துடைக்கிறவரால் லேசான சோர்விலேயே வேலையைத் தொடர முடியாது, சீக்கிரம் விடுப்புக்கு வந்துவிடுவார். அலுவலகக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு மாதம் சமாளிப்பார், விழும்போது மோசமாக விழுவார். அப்படியென்றால் விடுப்பில் இருப்பவர்களில் அலுவலகக்காரர்தான் சராசரியாக அதிக நோயாளி. ஆனாலும் அவர்தான் முதலில் திரும்புகிறார் என்றால், தொழிலின் செல்வாக்கு எண்களில் தெரிவதைவிடப் பெரிதாகக்கூட இருக்கலாம். இதற்கு மறுபக்கம் இழுக்கிற இன்னொன்று: கைத்தொழிலாளியின் மனச்சோர்வு பெரும்பாலும் அந்தப் பெயரிலேயே பதிவாவதில்லை. முதுகுவலி, தோள்வலி என்று எழுதப்படும். நம் அம்மாக்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. "தலையிடி, உடம்பெல்லாம் நோ, நித்திரை இல்லை" என்று சொல்வார்களே தவிர மனம் என்ற சொல் வாயில் வராது. அதை மொழிபெயர்க்கிற நான் அங்கே மனச்சோர்வு என்று சேர்க்கவும் கூடாது. ஆகவே மனநலம் என்ற பெட்டிக்குள் வந்துசேரும் துப்புரவாளர் ஒருவேளை ஏற்கெனவே மிக மோசமான நிலையில் உள்ளவர்.

நான் முதலில் சொன்ன "கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புதல்" எல்லாவற்றுக்கும் மருந்தா? அதையும் ஒழுங்காகச் சொல்லவேண்டும். டென்மார்க்கில் பகுதி விடுப்பு பல வருடமாக இருக்கிறது. வாரத்துக்கு நான்கு மணி நேரமாவது நோயால் வேலைக்கு வரமுடியவில்லை என்றால் போதும். 2012-இல் வெளிவந்த ஒரு டேனிஷ் ஆய்வில், உடல்நோய் உள்ளவர்கள் இதனால் முழுநேரத்துக்குச் சீக்கிரம் திரும்பினார்கள், மனநோய் உள்ளவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. 2010 முதல் இருபதுக்கும் மேற்பட்ட நகராட்சிகளில் நடந்த பெரிய "வேலைக்குத் திரும்புதல்" திட்டத்தில் ஒரு நகராட்சியில் பலன், இன்னொன்றில் இல்லை. மாறாக, நெதர்லாந்தில் மன உளைச்சலில் இருந்த சுயதொழிலாளர்களிடம் 2006-இல் வெளியான ஒரு சோதனை. வெறும் உளச்சிகிச்சை பெற்றவர்களைவிட, வேலையையே எப்படிக் கூறுபோட்டுத் தொடங்குவது என்ற ஆலோசனையும் சேர்த்துப் பெற்றவர்கள் மாதக்கணக்கில் முன்னதாகத் திரும்பினார்கள். இதில் சுயதொழிலாளர் என்பதைத்தான் அடிக்கோடிடுவேன். எந்த வாடிக்கையாளரை இந்த மாதம் விடுவது, எதை முதலில் எடுப்பது என்பதை அவர்களே தீர்மானிக்க முடியும். மணிகளைக் குறைத்துவிட்டு வேலையை அப்படியே விட்டால், இரண்டு மணி நேரமும் பழைய நரகம்தான்.

அதனால்தான் தாதியர், ஆசிரியர் விஷயம் நடுவில் தொங்குகிறது. ஒப்பந்தம் பலமானது, சங்கம் இருக்கிறது, பக்கத்துக் கதவுகள் இருக்கின்றன, ஆகவே நெடுங்கால உதவியில் விழுவது குறைவு. ஆனால் திரும்பிய வகுப்பறையில் அதே முப்பது பேர். திரும்புவார்கள், ஒரு வருடத்தில் மறுபடி விழுவார்கள், பலர் தொழிலையே மாற்றுவார்கள்.

டென்மார்க் தமிழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எண்பதுகளில் வந்து ஜூட்லாந்தின் சிறுநகரங்களில் குடியேறிய முதல் தலைமுறை பெரும்பாலும் தொழிற்சாலை, இறைச்சி, துப்புரவு. பிள்ளைகள் மருத்துவர், பொறியியலாளர். ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 9-ஆவது பிரிவும் 2-ஆவது பிரிவும் உட்கார்ந்திருக்கும். மகள் தனக்குத் தெரிந்ததைக்கொண்டு அம்மாவுக்கு அறிவுரை சொல்வாள்: "மேலாளரிடம் மனம்விட்டுப் பேசுங்கோ." மகளின் மேலாளர் வேறு, அம்மாவின் மேலாளர் வேறு. இதில் 2018 முதல் மூன்று வருடத்துக்குமேல் அங்கே வசிப்பவர்கள் மருத்துவமனை மொழிபெயர்ப்புக்குப் பணம் கட்டவேண்டும் என்றானது. மன வைத்தியம் பேச்சாலேயே நடப்பது என்பதால் அடி விழுந்தது யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது யாராவது வீட்டில் விடுப்பில் இருந்தால், என் அனுபவத்தில் மூன்று விஷயம் உதவுகிறது. தாங்க முடியவில்லை என்று நீங்களாகவே ராஜினாமா எழுதாதீர்கள். வேலையில்லாக் காப்பீட்டு நிதி அதற்குத் தண்டமாக மூன்று வாரம் படி தராது, அதைவிடத் திரும்பிப்போக ஒரு இடம் என்ற துருப்புச்சீட்டே கையை விட்டுப் போய்விடும். இரண்டாவது, முதலாளியும் நீங்களும் ஒரு பாதியை நிரப்பி மருத்துவர் மறுபாதியை நிரப்புகிற "சாத்தியக்கூறு அறிக்கை" என்ற படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை மணி என்பதோடு நிறுத்தாமல், எந்தெந்த வேலை முடியும், எது முடியாது என்று தனித்தனியாக எழுதுங்கள். மூன்றாவது, சங்கத்துக்கு 22-ஆவது வாரத்தில் அல்ல, நான்காவது வாரத்திலேயே போன் பண்ணுங்கள்.

அந்த ஹோட்டல் அம்மா அப்படி எதுவும் செய்யவில்லை, செய்யத் தெரியவும் இல்லை. நான்காவது மாதம் வேலை போனது. இடையில் ஒரு திட்டம், அப்புறம் ஒரு பள்ளிச் சமையலறையில் பயிற்சி, கடைசியில் அதே சமையலறையில் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேர ஃப்ளெக்ஸ்ஜாப். காய்கறி நறுக்குவது. மீந்த கரட்டைத் தண்ணீரில் போட்டு மூடி வைத்துவிட்டு மறுநாள் நறுக்கலாம். வேலை செய்த மணிக்கு முதலாளி சம்பளம், மிச்சத்துக்கு நகராட்சியின் நிரவல் தொகை. எனவே ட்ரீமில் ஒவ்வொரு வாரமும் அவர் பெயருக்கு நேரே ஒரு எண் விழுகிறது, எண்ணுகிறவர்களில் பலருக்கு அவர் இன்னும் அரசு உதவியில் இருப்பவர். கோயிலில் கண்டபோது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பரவாயில்லைத் தம்பி," என்றார், "நான் வேலைக்குப் போறன்."